பணத்தைக் குறித்துச் சபையில் கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் 17 ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து, காணிக்கைப் பைகளைக் கொட்டி எண்ணி, வங்கிச் சீட்டு எழுதுகிற அந்த அரைமணி நேரத்தில்தான், போதகரிடம் கேட்கத் தயங்கியதைக் கேட்பதற்காகச் சிலர் கதவருகே வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்டவற்றில் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுப்பதை, பற்றியவை குறைவு. கடன், சம்பளம், பெற்றோர், பிணைக் கையெழுத்து, உயில் ஆகியவற்றைப் பற்றியவையே அதிகம். பிரசங்க மேடையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. கொடுப்பதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, கொடுக்கும் பணம் எப்படி வந்தது என்பதையும், அது யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதையும், நமக்குப் பின் யார் கைக்குப் போகும் என்பதையும் நாம் பேசுவதில்லை. வேதமோ இவை எல்லாவற்றையும் பேசுகிறது. அதனால்தான் இந்தக் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் எழுதி வைக்கிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தந்திருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் பொது மொழிபெயர்ப்பில் அதே பகுதிகளை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் தீமையானதா?

இல்லை. 1 தீமோத்தேயு 6:10 "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்று சொல்கிறது. அதில் 'ஆசை' என்ற சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் பவுல் எழுதாததைப் பவுலின் வாயில் வைக்கிறார்கள். அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனம், நாம் அநுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் சம்பூரணமாகக் கொடுக்கிறவர் தேவனே என்றும் சொல்கிறது.

ஆனால் பணம் கத்தியைப் போல வெறும் கருவி, நல்லவன் கையில் நல்லது, கெட்டவன் கையில் கெட்டது என்று சொல்லிக் கடந்துபோவதும் போதாது. இயேசு அதை ஒரு எஜமானாகப் பார்த்தார். "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" என்று மத்தேயு 6:24-இல் சொன்னபோது, பணத்தைக் கடவுளுக்குப் போட்டியாக நிற்கக்கூடிய ஒன்றாக அவர் நிறுத்தினார். கத்தி யாரையும் தன்னை வணங்கச் சொல்வதில்லை. பணம் சொல்கிறது, அதுவும் சத்தமில்லாமல், நம்முடைய கவலையின் வழியாக.

அப்படியானால் என் வருமானத்துக்கு நான்தான் சொந்தக்காரன் என்று சொல்லக்கூடாதா?

சட்டப்படி சொல்லலாம். விசுவாசத்தின்படி நாம் உக்கிராணக்காரர்கள், அதாவது எஜமானுடைய சொத்தை நிர்வகிக்கிறவர்கள். "பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது" என்று சங்கீதம் 24 தொடங்குகிறது. நான் உழைத்துச் சம்பாதித்தேன் என்று சொல்கிறவனிடம், சம்பாதிப்பதற்கான பெலனைக் கொடுத்தவர் யார் என்று உபாகமம் 8:18 கேட்கிறது.

இதை ஏற்றுக்கொண்டால் கேள்வியே மாறிவிடும். 'என் பணத்தில் கடவுளுக்கு எவ்வளவு?' என்று கேட்டுக்கொண்டிருந்தவர், 'கடவுளுடைய பணத்தில் எனக்கென்று எவ்வளவு எடுத்துக்கொள்வது நியாயம்?' என்று கேட்கத் தொடங்குவார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1760-இல் வெளியிட்ட ஒரு பிரசங்கத்தில், இயன்றவரை சம்பாதியுங்கள், இயன்றவரை சேமியுங்கள், இயன்றவரை கொடுங்கள் என்று மூன்று விதிகளைத் தந்தார். முதல் இரண்டை நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முதல் விதிக்கு அவர் வைத்த வேலியை நாம் மறந்துவிட்டோம்: தன் உடலுக்கும் மனதுக்கும், அயலானுக்கும் கேடு செய்யாமல் சம்பாதிக்க வேண்டும் என்பதே அந்த வேலி.

செல்வம் ஆசீர்வாதத்தின் அடையாளம், வறுமை விசுவாசக் குறைவின் அடையாளம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா?

உண்மையில்லை, அது ஏழைகளைக் காயப்படுத்தும் போதனையும்கூட. ஆபிரகாம் செல்வந்தன், இரத்தாம்பரம் விற்ற லீதியாள் வசதியானவள், இயேசுவின் உடலை அடக்கம்பண்ணத் தன் கல்லறையைக் கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்பு ஐசுவரியவான். அதனால் செல்வம் சாபமல்ல. ஆனால் மக்கெதோனியாவில் "கொடிய தரித்திரம்" உடைய சபைகளைத்தான் பவுல் உதாரத்துவத்துக்கு உதாரணமாக 2 கொரிந்தியர் 8-இல் காட்டுகிறார். அவர்களுடைய விசுவாசம் குறைவு என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பவுலே பட்டினி கிடந்தவர்.

இந்தப் போதனைக்கு ஆதாரமாக 3 யோவான் 2-ஐக் காட்டுவார்கள்: "உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." இது காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்க வாழ்த்து. நம் தாத்தாக்கள் ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கியதைப் போன்றது அது. வாழ்த்தை வாக்குத்தத்தமாக மாற்றி, அதற்கு ஒரு விலையையும் வைப்பது முறையல்ல.

'விதைக் காணிக்கை' என்ற பெயரில், ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) விதைத்தால் கடன் தீரும் என்று கேட்கப்படும்போது, அந்த அறையில் கடன் அதிகமாக உள்ளவர்தான் முதலில் கையை உயர்த்துகிறார். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்கா, மகனின் பரீட்சைக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் என்னிடம் வந்து அழுதார். அவருடைய விசுவாசத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. அவரிடம் அந்தப் பணத்தைக் கேட்டவர்கள்தான் கர்த்தருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள்.

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருத்தலத்துக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையை இன்னும் செலுத்தவில்லை. என்ன செய்வது?

பினாங்கில் இருக்கும் என் தங்கையின் அயல்வீட்டார் ஒருவர் ஜூலை 26-ஆம் தேதித் திருவிழாவின்போது கேட்ட கேள்வி இது. பொருத்தனை பண்ணினால் அதைச் செலுத்தத் தாமதிக்காதே என்று உபாகமம் 23:21 சொல்கிறது. அடுத்த வசனமோ, பொருத்தனை பண்ணாதிருந்தால் உன்மேல் பாவம் இல்லை என்கிறது. ஆகவே நேர்ந்ததைச் செலுத்துங்கள். ஆனால் அதைப் பேரமாக நினைக்காமல் நன்றியாகச் செலுத்துங்கள். குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவை வெட்டித்தான் செலுத்த முடியும் என்ற நிலை இருந்தால், உங்கள் பங்குத் தந்தையிடம் சொல்லுங்கள். இத்தகைய நேர்ச்சைகளை மாற்றி அமைத்துக் கொடுக்க வழி உண்டு.

தசமபாகம் கட்டாயமா? இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடிப்பதற்கு முன்னா, பின்னா?

பழைய ஏற்பாட்டின் தசமபாகம் பெரும்பாலும் நிலத்தின் விளைச்சலிலிருந்தும் ஆடுமாடுகளிலிருந்தும் வந்தது. நிலப்பங்கு இல்லாத லேவியருக்கு அது பிழைப்பாக இருந்தது. உபாகமம் 14-ஐ வாசித்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். அந்தத் தசமபாகத்தின் ஒரு பகுதியைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தை லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாகும்படி ஊர் வாசலிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறது. புதிய ஏற்பாடு சபைகளுக்கு ஒரு விழுக்காட்டை விதிக்கவில்லை. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்பதே பவுலின் வரி.

என் கருத்து இது. பத்தில் ஒன்று என்பது பழைய, நல்ல பழக்கம். ஒழுங்காகக் கொடுக்கக் கற்றுக்கொள்ள அதைவிட எளிய அளவு எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் அது ஒரே எடையல்ல. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்குகிறவர் 170 வெள்ளி கொடுத்தால், மீதமுள்ள 1,530 வெள்ளியில் கோலாலம்பூரில் அறை வாடகையும், பிள்ளையின் பள்ளிச் செலவும், அரிசியும் அடங்க வேண்டும். 20,000 வெள்ளி வாங்குகிறவர் 2,000 கொடுத்த பிறகும் 18,000 வைத்திருக்கிறார். முதலாமவருக்குப் பத்தில் ஒன்று தியாகம். இரண்டாமவருக்கு அது நிறுத்திக்கொள்ளும் இடமாக இருக்கக்கூடாது. இ.பி.எஃப். முன்னா பின்னா என்ற கேள்விக்கு வேதத்தில் பதில் இல்லை. மனதில் நியமித்துக்கொண்டு, அதில் உறுதியாக இருங்கள்.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். "தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்" என்ற மல்கியா 3:10-ஐ நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தை மேடையிலிருந்து கேட்ட நினைவு எனக்கில்லை. கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் அங்கே சொல்கிறார். ஐந்து வசனங்கள் மேலே ஏறிப் படித்தால், எப்படிப்பட்டவர்களுடைய தசமபாகத்தைப் பற்றி அங்கே பேசப்படுகிறது என்பது புரியும்.

நான் சிறு வியாபாரம் செய்கிறேன். வேலையாட்களின் விஷயத்தில் கிறிஸ்தவ முதலாளிக்கு வேறு கடமை உண்டா?

உண்டு. கூலிக்காரனுடைய கூலியை விடியற்காலம்வரை உன்னிடத்தில் வைக்காதே என்று லேவியராகமம் 19:13 கட்டளையிடுகிறது. அவன் ஏழையாகையால் பொழுதுபோகுமுன்னே அவன் கூலியைக் கொடு என்று உபாகமம் 24:15 காரணத்தோடு சொல்கிறது. யாக்கோபு 5:4-இல், பிடித்துவைக்கப்பட்ட கூலியே "கூக்குரலிடுகிறது". நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. மோசேயின் சட்டத்தோடு ஒப்பிட்டால் அது தாராளமான அவகாசம். அதையும் தாண்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது சபைக்கு நல்ல சாட்சியல்ல.

உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதை நம்மவர்கள் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தின்படி, உரிய அதிகாரம் இல்லாமல் பிறருடைய கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். வீட்டுப் பணியாளருக்குக் குறைந்தபட்சச் சம்பள ஆணை பொருந்தாது என்பதும் உண்மைதான். ஆனால் சட்டம் விட்டுவைத்த இடத்தில்தான் நம் மனச்சாட்சி வேலை செய்ய வேண்டும்.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில், கடைப் பற்றைக் கழித்துக்கொண்ட பிறகு கையில் வந்த சில வெள்ளிகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவார். கணக்கை அவரிடம் யாரும் விளக்கியதில்லை. சம்பளம் தாமதமாகிறவனுடைய வீட்டில் அந்த இரவு எப்படி இருக்கும் என்பது நம்மில் பலருக்கு ஒரு தலைமுறைக்கு முன்புவரை தெரிந்திருந்தது. இப்போது முதலாளிகளாகிவிட்ட நாம் அதை மறக்கலாகாது.

காணிக்கை கொடுப்பதா, பெற்றோருக்குப் பணம் அனுப்புவதா? இரண்டுக்கும் போதவில்லை.

பெற்றோருக்கு அனுப்புங்கள். மாற்கு 7-இல் இயேசு இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று அறிவித்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அன்றைய மதத் தலைவர்கள் அனுமதித்தார்கள். தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று அவர் அவர்களைக் கண்டித்தார். தன் வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது.

கடன் வாங்குவது பாவமா?

பாவம் என்று வேதம் சொல்லவில்லை. அடிமைத்தனம் என்று சொல்கிறது. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்பது நீதிமொழிகள் 22:7. வீட்டுக்காக 30, 35 ஆண்டுகளுக்குக் கடன் வாங்காமல் இந்த நகரத்தில் கூரை கிடைப்பது அரிது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். மாதத் தவணைகளைக் கூட்டினால் சம்பளத்தில் எத்தனை பங்கு போகிறது, வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று கையெழுத்துப் போடும் முன்னே எண்ணிப் பாருங்கள். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கிறான் என்று இயேசுவே லூக்கா 14-இல் சொன்னார்.

ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம், போய்விட்டவர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன்: வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டத்தின்படி, அடமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கும், அடமானம் இல்லாத கடனுக்கு 18 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கக்கூடாது. 'மாதம் பத்து வட்டி' என்கிறவன் ஆண்டுக்கு 120 விழுக்காடு கேட்கிறான். மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுங்கள். வங்கிக் கடனிலும் கடனட்டையிலும் சிக்கியிருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பிடம் போங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசித் தவணையைக் குறைத்து ஒழுங்குபடுத்த உதவுகிறார்கள். ஜெபம் செய்துவிட்டுப் போங்கள், ஆனால் ஜெபத்தோடு நின்றுவிடாதீர்கள்.

இதன் மறுபக்கம்: சபையாரில் சிலர் சபையாருக்கே வட்டிக்குப் பணம் கொடுக்கிறார்கள். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து வாசியுங்கள். பஞ்சகாலத்தில் நிலங்களை அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைகளாக விட்டவர்களின் கூக்குரலைக் கேட்ட நெகேமியா மிகவும் கோபங்கொண்டார். வாங்கிய வட்டியையும் நிலங்களையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அவர்கள் கொடுத்தார்கள். ஏழைச் சகோதரனுக்குக் கடன் கொடுத்தால் வட்டி இல்லாமல் கொடுங்கள். முடியாவிட்டால் திருப்பி எதிர்பார்க்காத ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

சபை நண்பர் பிணைக் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவன் ஆகிவிடுவேனா?

2003-இல் நான் மறுக்கவில்லை. நல்ல மனிதர், ஒரே பாடகர் குழுவில் பாடியவர். கார் வாங்குவதற்கான தவணைக் கடன். வேலை போனதும் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். 29 மாதங்கள் அந்தக் காருக்கு நான் தவணை கட்டினேன். அந்த ஆண்டுகளில் என் மகளின் டியூஷன் நின்றது. பணத்தைவிட, அந்த மனிதரை நினைத்தால் ஜெபிக்க முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு. "கையடித்து உடன்பட்டு, கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே" என்ற நீதிமொழிகள் 22:26-ஐ நான் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன்.

2017-இல் திருத்தப்பட்ட திவால் சட்டத்தின்படி, லாபநோக்கில்லாமல் படிப்புக்கும், சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கும், சொந்தக் குடியிருப்புக்கும் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. அது ஆறுதல்தான். ஆனால் கடன் பொறுப்பு உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடாது. கொடுக்க முடிந்த தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கூட்டுக் கட்டுவது (பலர் மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது) சரியா?

நம் பெண்கள் தோட்டக் காலத்திலிருந்து கூட்டுக் கட்டி, நகையும் பள்ளிச் சீருடையும் தையல் இயந்திரமும் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. 'தாய்', அதாவது கூட்டை நடத்துகிறவர், ஓடிவிட்டால் நீதிமன்றத்தில் நிற்பதும் கடினம். சபையின் பெயரையோ சபையின் வாட்ஸ்அப் குழுவையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சேர்ந்து சேமிக்க விரும்பினால் பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்குவதற்காகப் பால்மரத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். ஏழைகளின் சிறு தொகை ஒழுங்காகச் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு நம் மண்ணிலேயே உள்ள சாட்சி அது.

நான்கு நம்பர் லாட்டரி எடுப்பதில் என்ன தவறு? வென்றால் பாதியைச் சபைக்குத் தருவேன்.

0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் 23 பரிசுகள். 'பிக்' வகையில் கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும், பரிசுப் பட்டியல் முழுவதையும் கூட்டி வகுத்தால், சராசரியாகத் திரும்பி வருவது சுமார் 64 சென். மீதி ஏழைகளின் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது. அயலான் தோற்றால்தான் நான் வெல்வேன் என்ற பணத்தில் பாதியைக் கர்த்தர் கேட்கவில்லை.

இ.பி.எஃப்., காப்புறுதி, சேமிப்பு எல்லாம் விசுவாசக் குறைவா?

இல்லை. யோசேப்பு எகிப்தில் ஏழு ஆண்டுகள் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். அதனால்தான் பஞ்சத்தில் ஜனங்கள் பிழைத்தார்கள். லூக்கா 12-இல் வரும் மதிகேடனான ஐசுவரியவானும் சேர்த்துத்தான் வைத்தான். ஆனால் அவன் பேச்சைக் கவனியுங்கள்: என் களஞ்சியங்கள், என் தானியம், என் பொருள்கள். அந்தக் களஞ்சியத்தில் வேறு யாருக்கும் இடமில்லை. யோசேப்பின் களஞ்சியமோ மற்றவர்களுக்காகத் திறந்தது.

கொள்ளைநோய்க் காலத்தில் நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி 145 பில்லியன் வெள்ளி இ.பி.எஃப்-இலிருந்து எடுக்கப்பட்டது. வேறு வழியில்லாமல் எடுத்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 2024 மே மாதத்திலிருந்து, புதிதாக வரும் சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது. அதைக் கைப்பேசி வாங்குவதற்கான பணமாகப் பார்க்காமல், அப்பா மருத்துவமனையில் விழும் நாளுக்கான பணமாகப் பாருங்கள். "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக, என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று நீதிமொழிகள் 30-இல் வரும் ஆகூரின் ஜெபத்தை நான் தினமும் சொல்கிறேன். பணத்தைப் பற்றி வேதத்தில் உள்ள ஜெபங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மகளின் கல்யாணத்துக்குக் கடன் வாங்கலாமா?

வேண்டாம். கானாவூர்க் கல்யாணத்துக்கு இயேசு போனார், திராட்சரசமும் தந்தார், விருந்து நல்லதுதான். மொய்யை நம்பி மண்டபம் பிடித்து, மணமக்கள் முதல் மூன்று ஆண்டுகளைத் தவணையில் கழிப்பது நல்லதல்ல. சபை மண்டபமும் வாழையிலைச் சாப்பாடும் போதும்.

உயில் எழுதுவது அவசியமா? நினைத்தாலே மனம் கலங்குகிறது.

அவசியம். என் சகோதரன் சுதந்தரத்தைப் பங்கிட்டுத் தரும்படி சொல்லும் என்று ஒருவன் கேட்டபோது, பங்கிடுகிறவனாக என்னை வைத்தவன் யார் என்று இயேசு மறுத்தார். அவரே மறுத்த அந்த வேலையை, பெற்றோர் உயில் எழுதாமல் போனால், கடைசியில் பிள்ளைகள்தான் சண்டையோடு செய்கிறார்கள்.

தீபகற்பத்தில் உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டத்தின்படி பிரியும். துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பாரும் இருந்தால், துணைவருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். வேறுவிதமாக விரும்பினால், 1959-ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு எழுதிவையுங்கள். பங்கு பெறுகிறவரோ அவருடைய துணைவரோ சாட்சியாக நின்றால் அந்தப் பங்கு செல்லாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணத்தால் ரத்தாகிவிடும். இ.பி.எஃப்-இல் வாரிசுப் பெயரைப் புதுப்பித்தீர்களா என்றும் பாருங்கள்.

மகள்களை விட்டுவிடாதீர்கள். செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் வந்து நின்று, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லாததினால் அவர் பேர் அற்றுப்போகலாமா என்று கேட்டார்கள். அவர்கள் பேசுகிறது சரிதான் என்று கர்த்தர் சொன்னதை எண்ணாகமம் 27 பதிவு செய்திருக்கிறது. அவளுக்குத்தான் நகை போட்டாயிற்றே என்று மகளின் பங்கை எழுதாமல் விடுகிற அப்பாக்களிடம் அந்த அதிகாரத்தை நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

சபைக் கணக்கைக் கேட்பது போதகர்மேல் சந்தேகப்படுவதாகுமா?

ஆகாது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாக எடுத்துப்போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவர்களை உடன் அழைத்துப் போனார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று அதற்குக் காரணமும் எழுதினார். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற சபைகள், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் கணக்கைப் பதிவிலாகாவுக்கு அனுப்பவும் வேண்டும். பை எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர் இருங்கள். அது உண்மையுள்ள பொருளாளருக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று: ஏழை விதவை இரண்டு காசு போட்ட சம்பவத்தைக் காட்டி ஏழைகளிடம் காணிக்கை கேட்கிறவர்கள், மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன்பு உள்ள வசனத்தையும் வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டித்த உடனேயேதான் அந்த விதவை வருகிறாள். அவளை அவர் மெச்சினார். அவளிடம் இருந்த கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட ஆலயத்தைப் பற்றி, அடுத்த அதிகாரத்தில், ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி இடிக்கப்படும் என்றார்.

இந்த மாதம் காணிக்கை போட என்னிடம் ஒன்றுமில்லை. சபைக்கு வரலாமா?

வாருங்கள். பை வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள். யாரும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் பரவாயில்லை. மனவிருப்பம் இருந்தால், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அது அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. அரிசி தீர்ந்திருந்தால் ஆராதனை முடிந்தபின் பொருளாளரையோ போதகரையோ தனியாகப் பாருங்கள். ஏழைகள் நிதி என்று ஒன்று ஏறக்குறைய எல்லாச் சபைகளிலும் இருக்கிறது. எங்கள் சபையில் அது பல மாதங்கள் கேட்பாரில்லாமல் கிடந்தது.